திரையில் இருந்த பெயர் தேடலில் இல்லை

2019 ஆவணியில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரங்கூனில் எங்கள் பேட்டைக் கோவிலின் கணக்கு மேசைக்கு ஓர் ஆத்தா வந்தார். நனைந்த குடையைத் தூணில் சாய்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் திதி அடுத்த வாரம் வருதுப்பா. வருசா வருசம் முன்கூட்டியே கோயில்லேருந்து சொல்லிடுவீங்க. இந்த வருசம் யாரும் சொல்லலையே" என்றார்.

அந்த மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டார் திதிக்கு அன்னதானம் செய்யப் பணம் கட்டும் கட்டளைக்காரர்களின் பட்டியலைக் கோவிலின் பழைய கணினியிலிருந்து எடுத்து, ஒழுங்குபடுத்தி, கைப்பேசியிலும் பார்க்கும்படி செய்து கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கணவர் பெயரைக் கேட்டுத் தட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. முன்னெழுத்தை விட்டுவிட்டுத் தட்டினேன். பாதிப் பெயரை மட்டும் தட்டினேன். அதே பதில். ஆத்தா திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லையா? அவர் போய் ஆறு வருசமாச்சு தம்பி. இங்கயாவது அவர் பேரு இருக்குன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை ஐயா எதுவும் பேசாமல் தன் நீள நோட்டைத் திறந்தார். அரை நிமிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பெயர், திதி, எந்த ஆண்டிலிருந்து கட்டளை என்று எல்லாம் இருந்தது. பிறகு நான் திரையில் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிப் போனேன். 412ஆம் வரியில் அவர் இருந்தார். நான் தட்டியதும் அதே பெயர், அங்கே இருந்ததும் அதே பெயர். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிந்தது. ஆனாலும் தேடினால் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மென்பொருள் எழுதுவது 15 ஆண்டுகளாக என் பிழைப்பு. பர்மிய எழுத்து கணினியில் படும் பாட்டை அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவன். அதே பாடு தமிழுக்கும் உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலோடு பட்டதையும் அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதுகிறேன். கோவில், சங்கம், பள்ளி, கடை என்று எங்காவது ஒரு பெயர்ப் பட்டியலை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் அந்தப் பட்டியல் என் கைக்கு வந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக மூன்று பேர் கை மாறிய எக்செல் கோப்பு அது. தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பர்மியப் பெயர்களும் முகவரிகளும் ஜோஜி எழுத்துருவில் இருந்தன. கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகளை ஒரு தம்பி கைப்பேசியில் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையில், தட்டி ஒட்டியிருந்தார். இவற்றுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுதிய கடைப் பெயர்களும் உண்டு. கோவில் கணினியில் திறந்தால் எல்லாம் அழகாகத் தெரியும். அந்தக் கணினியில் எல்லா எழுத்துருக்களும் ஏற்றப்பட்டிருந்தன, அதனால்தான். என் லேப்டாப்பில் திறந்தபோது முக்கால்வாசி ஆங்கில எழுத்துக் குப்பையாகவும் பிய்ந்த பர்மிய எழுத்தாகவும் வந்தது.

பாமினியில் நடப்பது இதுதான். 'அம்மா' என்று திரையில் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எம்முக்கு 'அ' என்ற படத்தையும் கேவுக்கு 'ம' என்ற படத்தையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். கணினிக்கு அது எப்போதுமே தமிழாக இருந்ததில்லை.

ஜோஜியின் கதை இன்னும் சிக்கல். பர்மியக் கதைகளில் ஜோஜி என்றால் காட்டில் மருந்தும் மந்திரமுமாகத் திரியும் சித்தர், ரசவாதி. அந்தப் பெயர் கொண்ட எழுத்துரு, பர்மிய எழுத்துக்கு யூனிகோடு ஒதுக்கியிருந்த அதே இடங்களைத் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொண்டது. பர்மிய எழுத்து யூனிகோடில் நுழைந்தது 1999இல். அதன் முறை ஒரு நிலைக்கு வந்தது 2008இல் வெளிவந்த 5.1 பதிப்பில்தான். அதற்குள் ஜோஜி பரவிவிட்டது. 2014இல் புதிய தொலைபேசி நிறுவனங்கள் வந்து சிம் அட்டை 1,500 சாட்டுக்கு (சாட் என்பது பர்மியப் பணம்) கிடைத்தபோது நிலைமை இன்னும் இறுகியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை ஒரு சிம்முக்குப் பணக்காரர்கள்தான் ஆசைப்பட முடியும். திடீரென்று மீன்காரம்மா கையிலும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கையிலும் ஸ்மார்ட்போன். பெரும்பாலான போன்களில் கடைக்காரர்கள் ஜோஜியைப் போட்டே கொடுத்தார்கள். எல்லோரும் அதில்தான் எழுதினார்கள், அதில்தான் படித்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 'கெ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'க' போடுகிறோம். பேச்சில் ககர ஒலி முதலில், எகரம் பிறகு. யூனிகோடு பேச்சின் வரிசையில் சேமிக்கிறது: முதலில் 'க', பின்பு கொம்பு. திரையில் வரையும்போது கொம்பு முன்னால் போய் உட்காரும். பர்மிய எழுத்திலும் இதே மாதிரி எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு கொம்பு உண்டு, தவெய்தோ என்பார்கள். ஜோஜி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. அதோடு, ஒரே துணை எழுத்தை அகல எழுத்துக்கு ஒன்று, குறுகிய எழுத்துக்கு ஒன்று என்று பல வடிவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்தது. அந்த இடங்கள் மோன், ஷான், கரென் மொழிகளின் எழுத்துகளுக்கு உரியவை. ஜோஜி போட்ட போனில் அந்த மக்கள் தங்கள் மொழியைச் சரியாக எழுதவே முடியாது. சிறுபான்மை மொழி பேசும் வீட்டில் பிறந்தவன் என்பதால் இது எனக்கு எப்போதும் உறுத்தும்.

சரி, வேலைக்கு வருகிறேன். இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தையில் தொடங்கினேன். ஆடி வரை இழுத்தது.

முதல் தவறு, தமிழ்ப் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்த பத்தி முழுவதையும் ஒரேயடியாகப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டது. பாமினி வரிகள் சரியாக மாறின. ஆனால் அந்தக் கருவிக்கு ஆங்கில எழுத்தைப் பார்த்தால் எல்லாம் பாமினிதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடைப் பெயர்களும் கிறிஸ்தவப் பெயர்களும் பொருளில்லாத தமிழ் எழுத்துக் கூட்டமாக மாறிவிட்டன. பர்மியப் பத்தியிலும் இதே கதை. ஏற்கெனவே யூனிகோடாக இருந்த வரிகளை மறுபடி மாற்றியதில் நல்ல எழுத்தும் சிதைந்தது.

இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பெரிது. மாற்றிய கோப்பைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். கோவில் கணினியில் முந்தைய பிரதி ஒன்று இருந்ததால் தப்பித்தேன், அதுவும் மூன்று மாதம் பழையது. இடையில் சேர்ந்த பதிவுகளைக் கணக்கப்பிள்ளை ஐயாவின் நோட்டிலிருந்துதான் திரும்ப எழுதினேன்.

அதன்பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. கைக்கு வந்த கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, தேதி போட்டுத் தனியாக வைத்துவிடுவேன். அதை யாரும் தொடக்கூடாது. மாற்றியதைப் பழைய பத்தியின் மேல் எழுதாமல் பக்கத்தில் புதுப் பத்தியில் எழுதுவேன். ஒவ்வொரு வரியும் எந்த முறையில் இருக்கிறது என்று குறிக்க இன்னொரு பத்தி: பாமினி, ஜோஜி, யூனிகோடு, ஆங்கிலம். பர்மிய எழுத்து ஜோஜியா யூனிகோடா என்று கணித்துச் சொல்ல கூகுள் இலவசமாகத் தந்திருக்கும் மியன்மார் டூல்ஸ் என்ற நிரல் உண்டு. மாற்றித் தர ராபிட் கன்வர்ட்டர் உண்டு. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் இரண்டு மூன்று எழுத்தே கொண்ட குட்டிப் பெயர்களில் எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவ்வளவு சிறிய சொல் இரண்டு முறையிலும் ஒன்றுபோல் இருந்துவிடக்கூடும். பர்மியப் பெயர்களோ பெரும்பாலும் குட்டிதான். அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஆத்தாவின் கணவர் பெயருக்கு வருகிறேன். அது 'சௌ' என்று தொடங்கும் பெயர். 'சௌ' என்பதை யூனிகோடில் இரண்டு குறிகளாக எழுத வேண்டும்: 'ச', அப்புறம் ஔகாரக் குறி. அந்தக் குறி திரையில் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் 'ள' போன்ற ஒரு வடிவமுமாகத் தெரியும். பலர் அதை 'செ' என்று தட்டி, பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். பாமினியிலிருந்து மாற்றும்போதும் சில கருவிகள் இப்படித்தான் மாற்றுகின்றன, ஏனென்றால் பழைய எழுத்துருவில் கொம்பும் 'ள'வும் தனித்தனியாகத்தான் இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு ஒன்று 'சௌ', இன்னொன்று 'செ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும். 'ஔ'வுக்கும் இதே கதி: ஔவை என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு 'ஒ', 'ள' என்று தட்டியிருப்பார்கள்.

இப்படி எத்தனை பெயர் என்று நிரல் எழுதித் தேடினேன். 1,140 பதிவுகளில் 37 அகப்பட்டன. சௌ, கௌ, மௌ, பௌ என்று தொடங்கும் பெயர்களில் முக்கால்வாசி அப்படித்தான் இருந்தன. அந்த 37 குடும்பங்களில் யார் வந்து கேட்டிருந்தாலும் பட்டியல் 'இல்லை' என்றே சொல்லியிருக்கும்.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. கெளுத்தி மீனில் வருவது உண்மையான 'ள'. ஒளி என்ற சொல்லிலும் அப்படியே. நான் வைத்துக்கொண்ட விதி: கொம்பு போட்ட எழுத்தை அடுத்து 'ள' வந்து, அந்த 'ள'வுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் சந்தேகப்படு. சந்தேகப்பட்டதைத் தனிப் பட்டியலாக எடுத்து ஒரு மனிதர் படித்து முடிவு செய்யட்டும். தமிழ்ப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் யாரும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோவில் பட்டியலில் இன்னொரு வில்லங்கம் 'ஸ்ரீ'. அதை 'ஸ்' உடன் 'ரீ' சேர்த்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ்' உடன் 'ரீ' சேர்த்தும் எழுதலாம். பெரும்பாலான போன்களில் இரண்டும் ஒரே உருவம். ஒருவர் போனிலிருந்து வந்த ஸ்ரீயை இன்னொருவர் போனில் தேடினால் கிடைக்காது. இதற்கு நான் செய்தது, தேடுவதற்கென்றே ஒரு மறைவான பத்தி. அதில் எல்லா ஸ்ரீயும் ஒரே மாதிரி, எல்லா ஔகாரமும் ஒரே மாதிரி, முன்னெழுத்துக்குப் பின் உள்ள புள்ளிகளும் வைபர் செய்தியிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் நீக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் பத்தியில் அவரவர் தம் பெயரை எப்படி எழுதுகிறார்களோ அப்படியே இருக்கும். ஒருவர் தன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் உரிமை நிரல் எழுதுகிறவனுக்கு இல்லை.

தொலைபேசி எண்கள் தனி வேதனை. பர்மாவில் கைப்பேசி எண்கள் 09 என்று தொடங்கும். எக்செல்லில் அப்படியே தட்டினால் அது வெறும் எண் என்று நினைத்து முன்னாலிருக்கும் சுழியைத் தின்றுவிடும். பத்தியை முதலிலேயே 'உரை' என்று மாற்றிவிட்டுத்தான் தட்ட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன சுழி திரும்பாது. அதோடு இங்கே பலர் எண்களைப் பர்மிய இலக்கத்தில் எழுதுவார்கள். பர்மிய இலக்கத்தில் சுழி ஒரு வட்டம். பர்மிய எழுத்தில் 'வ'வும் ஒரு வட்டம். விசைப்பலகையில் எது கையருகில் இருக்கிறதோ அதைத் தட்டிவிடுகிறார்கள். பார்த்தால் தொலைபேசி எண். அழைக்கப் போனால் நடுவில் இரண்டு 'வ' எழுத்து உட்கார்ந்திருக்கும். எங்கள் பட்டியலில் ஐந்தில் ஒரு எண் இப்படிக் கெட்டிருந்தது.

பெயரை நம்பி ஒரு மனிதரை அடையாளம் காண முடியாது என்பதையும் இந்த ஊர்தான் எனக்குச் சொல்லித் தந்தது. 1960களில் கடைகள் அரசுடைமையானபோது எங்கள் பெரியப்பா குடும்பம் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டது, அப்பா இங்கேயே தங்கிவிட்டார். தங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பர்மியப் பெயர் வந்தது. அடையாள அட்டையில் அந்தப் பெயர், கோவில் அர்ச்சனையில் தமிழ்ப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. ஒரே மாமா எங்கள் பட்டியலில் மூன்று வரிகளில் மூன்று மனிதராக இருந்தார். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று வைத்தோம். ஆத்தா வீட்டுக் கட்டளைக்கு 412 என்றே எண் அமைந்துவிட்டது, மாற்றாமல் விட்டேன்.

திருத்திய பட்டியலைச் சரிபார்க்க ஒரே வழி வாய்விட்டுப் படிப்பதுதான். ஐப்பசி முழுக்க ஞாயிறு மாலைகளில் ஐயா நோட்டைப் பார்த்துப் படிப்பார், நான் திரையில் பின்தொடர்வேன். அவர் படிக்கிற வேகத்தில் அந்தப் பெயர்களுக்கு உயிர் வந்தது. "இவர் தெய்ஞ்சீ மார்க்கெட்ல மசாலாக் கடை வெச்சிருந்தார். இவங்க பையன் தான்லியின்ல இருக்கான், நம்பர் மாத்திட்டான், எழுதிக்க" என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்கியம். எந்த நிரலும் கண்டுபிடித்திருக்க முடியாத 60க்கும் மேற்பட்ட பிழைகள் அந்த மாலைகளில் வெளியே வந்தன. இறந்தவரை இருப்பவராகவும் இருப்பவரை இறந்தவராகவும் குறித்திருந்த இரண்டு வரிகளும் அதில் உண்டு.

அதற்குச் சற்று முன் வந்த 2019 அக்டோபர் 1ஐ அரசு நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்திருந்தது. நல்ல முடிவு, பல ஆண்டு தாமதமானாலும். ஆனால் வீடுகளில் நடந்தது வேறு. போனை யூனிகோடுக்கு மாற்றியதும் அம்மாவின் தொடர்புப் பட்டியலில் இருந்த பர்மியப் பெயர்கள் பிய்ந்து போயின, ஏனென்றால் அவை ஜோஜியில் சேமித்தவை. யார் யாரென்று தெரியாமல் அம்மா இரண்டு நாள் போனையே தொடவில்லை. பக்கத்து வீடுகளுக்குச் செய்து கொடுத்தபோது முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் தொடர்புகளைக் கோப்பாக வெளியே எடுத்து, கணினியில் ஜோஜிப் பெயர்களை மட்டும் மாற்றி, கடைசியில்தான் போனின் எழுத்துருவைத் தொட்டேன். இந்த வரிசை முக்கியம்.

2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்தப் பட்டியலின் தேவை முற்றிலும் மாறியது. பிப்ரவரி நடுவிலிருந்து இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் கிடையாது. மார்ச் 15 முதல் கைப்பேசி டேட்டாவும் நின்றது. வீட்டுக்குக் கம்பி இணைப்பு வைத்திருந்தவர்களுக்குப் பகலில் மட்டும் இணையம். நான் பட்டியலை இணையத்தில்தான் வைத்திருந்தேன், யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று. கோவிலில் இருந்த தம்பிகளுக்கு ஒரு பெயரும் திறக்கவில்லை. என் லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்த பிரதி இரண்டு வாரம் பழையது. அந்தப் பிரதியைத்தான் பென் டிரைவில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோனேன்.

இன்னொன்றும் அப்போது செய்தேன். சாலையில் நிறுத்திப் போனைத் திறந்து காட்டச் சொன்ன காலம் அது. பட்டியலைப் பார்த்தபோது, தேவையே இல்லாத அடையாள அட்டை எண்களும் சிலருடைய வேலை விவரங்களும் அதில் இருந்தது உறைத்தது. யாரோ எப்போதோ இருக்கட்டும் என்று சேர்த்தவை. அன்னதானத்துக்கு அவை எதற்கு? அழித்தேன். போனில் கொண்டுபோகும் பிரதியில் பெயர், கட்டளை எண், தொலைபேசி, திதி மட்டும். ஒருவரைப் பற்றி நாம் சேமிக்காத விவரம் நம் கையிலிருந்து நழுவி அவருக்குத் தீங்காகப் போக வழியில்லை.

ஜூலையில் கொரோனாவின் மூன்றாம் அலை வந்தது. ரங்கூனில் ஆக்சிஜன் உருளைக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. கோவிலில் கூட்டம் கூடாது, ஆனால் தனியாக இருக்கும் முதியவர்களை யாராவது விசாரிக்க வேண்டும். பட்டியலில் 65 வயதைத் தாண்டியவர்கள் யார், தனியாக இருப்பவர்கள் யார் என்று ஐயா வாயால் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டோம். ஆறு பேர், ஆளுக்கு 30 எண், தினமும் காலையில் ஒரு அழைப்பு. "சாப்பிட்டீங்களா, காய்ச்சல் இருக்கா, மருந்து வேணுமா" என்று மூன்று கேள்விகள். சுழி தின்னப்படாத எண்ணும் 'வ' கலக்காத எண்ணும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வாரங்களில் எனக்கு நெஞ்சில் பதிந்தது. முன்பு கெட்டிருந்த எண்களில் 11 எண்கள் அந்த 180 பேருக்குள் இருந்தன.

அழைப்பு எடுக்காதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினோம். இதில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள். தமிழிலோ பர்மியத்திலோ எழுதினால் 70 மட்டுமே. 'அன்னதானம்' நமக்கு 6 எழுத்து, போனுக்கு 9 குறி, ஏனென்றால் புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனிக் கணக்கு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும். இணைப்பு மோசமாக இருந்தால் ஒரு துண்டு வந்து இன்னொன்று வராமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு செய்தியும் ஒரே மூச்சில் முடியும்படி எழுதினோம்: 'கோவில் தம்பி. நலமா? மருந்து வேண்டுமெனில் அழைக்கவும்.' வணக்கமும் விளக்கமும் நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் ஏற்பாடு எளிமையானது. மூலப் பட்டியல் ஒரு லேப்டாப்பில், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வெற்று உரைக் கோப்பாக, யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில். எக்செல்லில் திறந்து சேமிக்கும்போது இந்த முறையைக் கவனித்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மாதம் ஒருமுறை இரண்டு பென் டிரைவ், வெவ்வேறு வீடுகளில். இணையத்தில் பூட்டிய ஒரு பிரதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சுத் தாள். அச்சு எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். நான்கு மணி நேரம் மின்சாரம், நான்கு மணி நேரம் இருட்டு என்று ஓடிய மாதங்களில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. தெருவில் பிள்ளைகள் 'மீ லா பீ' என்று கத்தும் வரை, அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று தெரியும் வரை, தாளைத்தான் புரட்டுகிறோம். யாராவது பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் படத்தோடு எழுத்தாகவும் அனுப்பி வைக்கிறேன். படத்துக்குள் பெயரை எளிதாகத் தேட முடியாது.

அகர வரிசையில் அடுக்குவதைப் பற்றியும் எழுத நினைத்தேன். யூனிகோடு எண் வரிசையில் 'ஜ' சகரத்துக்குப் பக்கத்திலும் 'ன' நகரத்துக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துகொள்ளும், தமிழ் அகர வரிசையிலோ இரண்டும் கடைசிப் பக்கம் வர வேண்டியவை. தமிழ் வரிசை தெரிந்த மென்பொருளில் அடுக்கினால் போதும்.

ஐயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நீள நோட்டை அவர் பேத்தி எழுதுகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வந்தது கோவிலின் ஞாயிறு வகுப்பில்தான். எனக்கும் அங்கேதான். போன ஆவணியில் ஆத்தா வந்தபோது மின்சாரம் இல்லை, என் லேப்டாப்பிலும் சார்ஜ் இறங்கியிருந்தது. "இருக்காராப்பா?" என்று கேட்டார். நான் எழுவதற்குள் அந்தப் பெண் ஜன்னலோரம் போய் அச்சுத் தாளைப் புரட்டி, 412ஐ விரலால் தொட்டு, பெயரை உரக்கப் படித்தாள். ஆத்தா குடையை மடக்கி வைத்துவிட்டுப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.